பெஞ்சை நகர்த்திட்டா போதுமாய்யா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சருங்களுக்கு வக்காலத்து வாங்குற பதிவும் கூட. "வாத்தியாருங்க எல்லாம் சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறாங்க" கட்சிக்காரங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம்.

ஒரு சினிமா வந்துச்சு. பெஞ்சு நகர்ந்துச்சு. இவ்வளவுதான் 2025-ல நம்ம ஊர் வகுப்பறைப் புரட்சியோட சுருக்கம்.

விவரம் தெரியாதவங்களுக்காக: 2024 கடைசியில 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்'னு ஒரு மலையாளப் படம். பின்பெஞ்சுப் பசங்களோட கதை. படத்து முடிவுல வகுப்புல பெஞ்சையெல்லாம் சுவர் ஓரமா ஒரே வரிசையா வளைச்சுப் போட்டு, பின்பெஞ்சுங்கிற சமாச்சாரமே இல்லாம பண்ணிடுறாங்க. கொல்லம் மாவட்டம் வாளகத்துல ராமவிலாசம் பள்ளி அதே மாதிரி செஞ்சது. கேரளாவுல இன்னும் சில பள்ளிகள் பின்னாடியே கிளம்புச்சு. 2025 ஜூலையில தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையும் 'ப' வடிவத்துல இருக்கைகளைப் போடச் சொல்லி சுற்றறிக்கை விட்டது. உடனே ஒரு கோஷ்டி "ஆஹா, சமத்துவம்!"னு குதிச்சது. இன்னொரு கோஷ்டி "ஐயோ, கழுத்து வலி!"னு கத்துச்சு. கட்டாயமில்லை, சோதனை முயற்சிதான்னு விளக்கம் வந்துச்சு. கேரளாவுல கல்வியமைச்சர் சிவன்குட்டி, பின்பெஞ்சை ஒழிக்கிறது பத்தி ஆராய நிபுணர் குழுன்னு அறிவிச்சார்.

படத்தை நான் குறை சொல்லலை மக்களே. சினிமாக்காரன் அவன் வேலையை ஒழுங்கா செஞ்சிருக்கான். என் கோபம், ரெண்டு மணி நேரப் படத்துல கடைசி அஞ்சு நிமிஷத்தை மட்டும் வெட்டி எடுத்து அதையே கல்விக் கொள்கைன்னு ஒட்டப் பாக்குறவங்க மேல.

எனக்கென்ன இதுல அக்கறைன்னு கேட்டா, நான் திருவனந்தபுரத்துத் தமிழன். பிழைப்புக்கு நியூஜெர்சியில பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். என் அக்கா தம்பானூர்ல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு பள்ளியில ரெண்டாம் வகுப்பு டீச்சர். ஞாயித்துக்கிழமை ராத்திரி எனக்கு போன் பண்ணினா முதல் பத்து நிமிஷம் அம்மாவோட சர்க்கரை அளவு, அடுத்த நாப்பது நிமிஷம் அவ வகுப்பறை. பெஞ்சு, அலமாரி, சார்ட்டு, குடைன்னு கேட்டுக் கேட்டு, அந்த ரூமுக்குள்ள கண்ணைக் கட்டி விட்டாலும் முட்டாம நடப்பேன் :-)

முதல்ல கணக்கைப் பாத்துடுவோம். நமக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை அதுதானே.

20 அடிக்கு 20 அடி ரூம்னு வெச்சுக்குங்க. ஒரு புள்ளைக்கு ரெண்டு அடி அகலம் வேணும். போர்டு பக்கம் டீச்சர் நடமாட நாலு அடி விட்டாச்சுன்னா, ரெண்டு பக்கச் சுவருக்கும் ஆளுக்கு 16 அடி மிச்சம். பின்சுவர்ல ரெண்டு மூலையிலயும் பக்கத்து பெஞ்சு மூணு மூணு அடி தின்னுடும், மிச்சம் 14 அடி. மொத்தம் 46 அடி. அதாவது 23 புள்ளைங்க. கதவுக்கு வழி விட்டா 21. அவ்வளவுதான். தொடக்கப் பள்ளியில 30 புள்ளைக்கு ஒரு ஆசிரியர்ங்குறது 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்ற விகிதம். அந்தச் சட்டப்படி நடக்கிற வகுப்புக்கே 'ப'னா பத்தலை. 40 பேர் இருந்தா என்ன பண்ணுவீங்க? முதல் 'ப'னாவுக்குப் பின்னாடி இன்னொரு 'ப'னா போடுவீங்க. அந்த ரெண்டாவது 'ப'னாவுல உக்காந்தவன் யாரு? அதே பழைய கடைசி பெஞ்சுக்காரன்தான். போர்டு அவனுக்கு முன்னாடி நேரா இருந்துச்சு, இப்ப பக்கவாட்டுல போயிடுச்சு. அதுதான் மிச்சம்.

21 புள்ளைங்க இருக்கிற வகுப்புல 'ப'னா அழகா வரும். ஆனா 21 பேரு இருக்கிற வகுப்புல வரிசையா உக்கார வெச்சாலும் கடைசி ஆளோட மூக்கு ஒழுகுறது வரைக்கும் டீச்சருக்குத் தெரியுமே! அப்போ பின்பெஞ்சை ஒழிக்கிறது எது? பெஞ்சோட வடிவமா, தலை எண்ணிக்கையா?

தம்பானூர் போனவங்களுக்கு நான் சொல்றது சட்டுனு புரியும். ரயில்வே ஸ்டேஷன் எதிர்ல, கேஎஸ்ஆர்டிசி ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, சிவப்புச் செங்கல்ல சுருண்டு சுருண்டு மேல போற இந்தியன் காபி ஹவுஸ் இருக்கே, லாரி பேக்கர் கட்டினது. சுவர் ஓரமா ஒரே வரிசையா மேஜையும் பெஞ்சும், கட்டடத்தோடயே சேத்துக் கட்டினது. ஒவ்வொரு மேஜைக்கும் செங்கல் ஓட்டை வழியா காத்தும் வெளிச்சமும். அங்க பின்பெஞ்சே கிடையாது. ஏன்னா அந்தாள் முதல்லயே, எத்தனை பேரு உக்காரணும், என்ன வேலைக்கு உக்காரணும், வெளிச்சம் எங்கேருந்து வரணும்னு யோசிச்சுட்டு அப்புறம் செங்கல்லை எடுத்தார். நாம சதுரமா ஒரு டப்பாவைக் கட்டி, அதுல வர்ற கூட்டத்தை அடைச்சுட்டு, அப்புறம் பெஞ்சை வளைக்கிறோம்.

இன்னொண்ணு. காபி ஹவுஸ்ல மேஜையை யாரும் நகர்த்த முடியாது. நகர்த்த வேண்டியதும் இல்லை. அங்க நடக்கிறது ஒரே வேலை: மசால் தோசை சாப்பிடுறது, காபி குடிக்கிறது, எந்திரிச்சுப் போறது. ரெண்டாம் வகுப்புல ஒரு நாளைக்கு எத்தனை வேலை? கதை கேக்கணும், எழுதணும், நாலு பேரு சேந்து மணி எண்ணிக் கணக்குப் போடணும், படம் வரையணும், பாடி ஆடணும், ஒருத்தன் தனியா உக்காந்து புத்தகம் புரட்டணும். இத்தனைக்கும் ஒரே வடிவம்னு சொல்றது, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே சட்டைன்னு சொல்ற மாதிரி.

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு கேப்பீங்க. சொல்றேன். 1999-ல ஜெர்மனியில நாலாம் வகுப்புப் புள்ளைங்களை வெச்சு ஒரு ஆய்வு. அரைவட்டமா உக்கார வெச்சப்போ, வரிசையா உக்காந்ததை விட அதிகமா கேள்வி கேட்டாங்க. சபாஷ், 'ப'னா கட்சிக்கு ஒரு பாயின்ட். ஆனா 2008-ல வன்னார்கா, ரூல்னு ரெண்டு பேர் எட்டு ஆய்வுகளை ஒண்ணா வெச்சுப் பாத்து என்ன சொன்னாங்க? தனியா செய்யுற வேலைக்கு வரிசைதான் நல்லது, குறிப்பா கவனம் சிதறுற புள்ளைங்களுக்கு. பேசிக் கலந்து செய்யுற வேலைக்கு வேற மாதிரி உக்காரணும். அதாவது வேலைக்கு ஏத்த மாதிரி இடம் மாறணும். இதைச் சொல்ல ஆராய்ச்சி எதுக்கு, எங்க அக்காவே சொல்லுவா.

சொன்னா. செஞ்சும் பாத்தா. பெரிய பெஞ்சு மூணை வராந்தாவுல போட்டுட்டு, பாய் விரிச்சு, காலையில வட்டம், மத்தியானம் நாலு நாலு பேரா குழு, கடைசி பீரியடு வரிசை. புள்ளைங்க ரெண்டே நிமிஷத்துல மாத்திப் போடப் பழகிட்டாங்க. மேலேருந்து பார்வைக்கு வந்த ஒருத்தர், "இது என்ன டீச்சர், சந்தைக்கடை மாதிரி? பெஞ்சை உள்ள போடுங்க"ன்னுட்டுப் போனார். சினிமா ஓடின பிறகு இன்னொருத்தர் வந்து, "இன்னும் ஏன் வரிசையா போட்டிருக்கீங்க? வளைச்சுப் போடுங்க"ன்னார். அக்கா என்கிட்ட கேட்டது ஒண்ணுதான்: "டேய், ரெண்டு பேருல ஒருத்தராவது ஏன் இப்படிப் போட்டிருக்கீங்கன்னு கேட்டிருக்கலாம்ல?"

என் சண்டையே இந்தக் கேள்விதான். வடிவம் எதுங்கிறது ரெண்டாம்பட்சம். அதை முடிவு பண்றது யாரு?

இதெல்லாம் இன்னிக்கு நேத்துப் பிரச்சினை இல்லை. 1907-ல ரோம் நகரத்துச் சேரிப் பகுதியில மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் வீட்டைத் திறந்தப்பவே, அசையாத பெஞ்சைத் தூக்கி எறிஞ்சுட்டு, புள்ளைங்களே தூக்கி வெச்சுக்கிற சின்ன நாற்காலி, கை எட்டுற உயரத்துல அலமாரின்னு போட்டாங்க. அந்த அம்மா 1939-ல சென்னைக்கே வந்து நம்ம டீச்சருங்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. குஜராத்துல கிஜுபாய் பதேகா 1920-ல பாவ்நகர்ல பாலமந்திர் ஆரம்பிச்சார். நூறு வருஷமா சொல்லிட்டு இருக்காங்கய்யா!

அட, அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம தமிழ்நாட்டுலயே நடந்துச்சே. 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல, ரிஷிவேலி கிராமப் பள்ளிகளோட அட்டை முறையைப் பாத்துட்டு வந்து, ஆணையரா இருந்த விஜயகுமார் தொடங்கி வெச்சது செயல்வழிக் கற்றல். 2007-ல மாநிலம் முழுக்க, சுமார் 37,000 பள்ளிகளுக்குப் போச்சு. அந்த வகுப்பறையை நினைச்சுப் பாருங்க. பெஞ்சே கிடையாது, பாய். சுவரைச் சுத்தி புள்ளைங்க கை எட்டுற உயரத்துல கரும்பலகை, ஆளுக்கு ஒரு பங்கு. பாட அட்டைங்க தட்டுத்தட்டா அலமாரியில, புள்ளையே போய் எடுக்கும், புள்ளையே திருப்பி வைக்கும். ஏணிப்படியைப் பாத்து தான் எங்க இருக்கோம்னு தானே தெரிஞ்சுக்கும். தலைக்கு மேல கம்பிப் பந்தல்ல அதுங்க வரைஞ்ச படம் தொங்கும். டீச்சரும் தரையில.

அங்க பெஞ்சை மட்டும் தூக்கினாங்களா? இல்லை. பாடம், பொருள், சுவர், நேரம் எல்லாத்தையும் சேத்து மாத்தினாங்க. அதனாலதான் இடம் மாறினதுக்கு அர்த்தம் இருந்துச்சு. அதுலயும் கோளாறு உண்டு. எல்லா ஊருக்கும் ஒரே அச்சுல வார்த்ததுல, "அட்டையை மாத்தாதே, ஏணியை மாத்தாதே"ன்னு அதுவே ஒரு சட்டமா ஆயிடுச்சுன்னு அலுத்துக்கிட்ட வாத்தியாருங்க உண்டு. "எம்புள்ளையைத் தரையில உக்கார வெக்கிறாங்க"ன்னு குறைப்பட்ட அப்பா அம்மாவும் உண்டு. பெஞ்சுன்னா மரியாதை, தரைன்னா ஏழ்மைன்னு நம்ம மண்டையில ஏறியிருக்கே, அதுக்கு எந்தச் சுற்றறிக்கையும் மருந்து இல்லை. 2022-ல எண்ணும் எழுத்தும் வந்துச்சு. அரும்பு, மொட்டு, மலர்னு நிலைகள் வந்துச்சு. ஒவ்வொரு திட்டம் வர்றப்பவும் சுவர்ல பழைய சார்ட்டு இறங்கும், புதுசு ஏறும். டீச்சர் பசையும் கத்தரிக்கோலுமா நிக்கணும்.

சார்ட்டுன்னதும் ஞாபகம் வருது. தயவு செஞ்சு ஒரு தடவை உங்க புள்ளை வகுப்புல முட்டி போட்டுப் பாருங்க. ஒண்ணாம் வகுப்புப் புள்ளையோட உயரம் மூணேமுக்கால் அடி. சார்ட்டு தொங்குறது ஏழடி உயரத்துல. அது புள்ளைக்கு மாட்டினது இல்லை, பார்வைக்கு வர்றவருக்கு மாட்டினது. அதுவும் இண்டு இடுக்கு விடாம! 2014-ல அமெரிக்காவுல கார்னகி மெலன் ஆளுங்க ஒரு சோதனை பண்ணினாங்க. 24 மழலையர், ஒரே மாதிரிப் பாடங்கள். சுவர் முழுக்க அலங்காரம் இருந்தப்போ சரியா சொன்னது 42 சதவீதம், சுவர் வெறுமனே இருந்தப்போ 55 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனா ஜிகினாத் தாளுக்கு டீச்சர் ஒரு சனிக்கிழமையைத் தொலைக்கிறதுக்கு முன்னாடி யோசிக்க வைக்குற ஆய்வு.

எங்க அக்காவுக்கு இன்னொரு தலைவலி. அவ வகுப்புல பாதிப் புள்ளைங்க வீட்டுல தமிழ். ரெண்டு மூணு பேரு வீட்டுல ஹிந்தி, வங்காளம். அப்பன் கட்டட வேலைக்கு வந்தவன். மேலேருந்து வர்ற சார்ட்டு எல்லாம் ஒரே மொழியில. தன் மொழியில ஒரு எழுத்துகூட இல்லாத ரூமுக்குள்ள ஆறு வயசுப் புள்ளை என்னன்னு நுழையும்? அக்கா பழைய காலண்டர் அட்டையைக் கிழிச்சு, புள்ளைங்க வீட்டுல எப்படிச் சொல்லுவாங்களோ அப்படியே கதவு, ஜன்னல், குடைன்னு எழுதி, அவங்க கண் உயரத்துல ஒட்டினா. செலவு முப்பது ரூபாய். அதுக்குப் பேரு வகுப்பறை அமைப்பு.

குடைன்னேன் பாருங்க, இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம். கேரளாவுல பள்ளிக்கூடம் திறக்குறது ஜூன்ல. மழை வர்றதும் ஜூன்ல. பிரவேசனோல்சவம்னு பலூன் கட்டி, மிட்டாய் குடுத்து வரவேற்பாங்க. நல்ல விஷயம்தான். ஆனா தம்பானூர்ல மழை பெஞ்சா என்ன ஆகும்? தண்ணி தேங்கித் தேங்கி, 2015-ல ஆபரேஷன் அனந்தான்னு பேரு வெச்சு ஓடையெல்லாம் தூர் வார வேண்டியதாச்சு, அப்பேர்ப்பட்ட இடம். அந்தத் தண்ணியில நடந்து வர்ற முப்பது புள்ளைங்க, முப்பது ஈரக் குடை, முப்பது ஈரப் பை. எங்க வெக்கும்? எந்தச் சுற்றறிக்கையில குடைக்கு இடம் இருக்கு? பெஞ்சுக்கு அடியில வெக்கும், தரை நனையும், பாய் விரிக்க முடியாது, வட்டமும் கிடையாது, குழுவும் கிடையாது. வராந்தாவுல ஒரு கம்பியும் முப்பது கொக்கியும் இருந்தா அன்னிக்குப் பாடம் நடக்கும். இல்லைன்னா நடக்காது. எந்தப் புரட்சியும் கடைசியில கொக்கியிலதான்யா தொங்குது.

ஹைடெக் வகுப்பறைன்னு சொல்லுவீங்க. நான் பிழைக்கிறதே அந்தத் தொழில்ல, அதுக்கு எதிரி இல்லை. 2018-ல கேரளா 45,000 உயர்நிலை வகுப்பறைகளுக்குப் புரொஜெக்டர் குடுக்க ஆரம்பிச்சது, 2019-ல தொடக்கப் பள்ளிகளுக்கும் கணினி போச்சு. நல்லதே. ஆனா 2015-ல இங்கிலாந்துல சால்ஃபர்டு பல்கலைக்கழகம் 27 பள்ளிகள்ல 153 வகுப்பறைகளை அலசினதுல, ஒரு வருஷத்துப் புள்ளைங்க முன்னேற்றத்துல இருக்கிற ஏற்றத்தாழ்வுல 16 சதவீதத்துக்கு ரூமோட அமைப்பே காரணம்னு வந்துச்சு. அந்தப் பங்குல சுமார் பாதி எதுக்குத் தெரியுமா? வெளிச்சம், வெப்பம், காத்து. நம்ம ஊர்ல புரொஜெக்டர் தெரியணும்னு ஜன்னலைச் சாத்துறோம் :-(

"உங்க அமெரிக்காவுல மட்டும் எல்லாம் ஒழுங்கா?"ன்னு கேக்குறது காதுல விழுது. இல்லைங்க. என் பொண்ணோட டீச்சர், நாற்காலி சத்தம் போடக் கூடாதுன்னு காலுக்குக் காலு பழைய டென்னிஸ் பந்தை மாட்டி வெச்சிருக்காங்க. கூடை, பாய், புத்தகம்னு ஏகப்பட்டது சொந்தக் காசு. இந்த ஊர்ல டீச்சர் கையை விட்டுச் செலவு பண்றது எவ்வளவு சகஜம்னா, 2002-ல இருந்து வரியில 250 டாலர் கழிவு குடுத்தாங்க, 2022-ல அதை 300 ஆக்கினாங்க. பணக்கார நாடு, டீச்சரோட பர்ஸ்ல இருந்து வகுப்பறையை நடத்துது. வெக்கக்கேடுதான். ஆனா ஒண்ணு: மேஜையை எங்க போடுறதுன்னு அந்த டீச்சரை யாரும் கேக்குறதைப் பாக்கலை. நம்ம ஊர்ல டீச்சர் காசையும் போடணும், அனுமதியும் கேக்கணும்.

என் வாதம் இவ்வளவுதான். தொடக்கப் பள்ளி வகுப்பறை, அதுக்குள்ள ஆறு மணி நேரம் இருக்கிறவங்களோட இடம். அங்க ஒரு டீச்சர், முப்பது புள்ளைங்க. அந்த 31 பேருக்கும் பெஞ்சை நகர்த்த உரிமை குடுங்க. நகர்த்த முடியுற எடையில பெஞ்சு குடுங்க. நகர்த்துறதுக்கு ரூம்ல இடம் இருக்கிற மாதிரி, மூலையில கிடக்கிற உடைஞ்ச நாற்காலியையும் துருப்பிடிச்ச பீரோவையும் எடுத்துட்டுப் போங்க. வருஷத்துக்குக் கொஞ்சம் காசை, ரசீதுக்கு மேல கேள்வி கேக்காம, டீச்சர் கையில குடுங்க. இதெல்லாம் சினிமாவுல காட்ட முடியாது, போட்டோவுலயும் நல்லா வராது. அதனாலதான் யாரும் செய்ய மாட்டேங்குறாங்க.

கடைசியா அப்பா அம்மாக்களுக்கு. அரசுப் பள்ளியில பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி அதுல முக்கால்வாசிப் பேரு பெற்றோர்தான் இருக்கணும். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுறதும் அந்தக் குழுதான். கூட்டத்துல போய், டீயும் வடையும் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வராதீங்க. நாலே கேள்வி கேளுங்க. எம்புள்ளை வகுப்புல எத்தனை பேரு? எம்புள்ளை கை எட்டுற உயரத்துல என்னென்ன இருக்கு? கரண்டு போனா அந்த ரூம்ல புத்தகம் படிக்கிற அளவு வெளிச்சம் இருக்கா? போன வருஷம் டீச்சர் சொந்தக் காசு எவ்வளவு போட்டாங்க?

இந்த நாலுக்கும் பதில் கிடைச்சப்புறம், பெஞ்சை 'ப'னாவா போடுறதா, 'ட'னாவா போடுறதாங்கிறதை டீச்சர்கிட்டயே விட்டுடுங்க. வேணும்னா புள்ளைங்களைக் கேளுங்க, அதுங்க டீச்சரை விடத் தெளிவா சொல்லும்.

அப்புறம், அந்தக் குடைக் கொக்கியை மறந்துடாதீங்க மக்களே. அடுத்த ஜூன் சீக்கிரம் வந்துடும்.